ஐந்து ஒன்பது டாக்டரம்மா

முதன்முதலில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு கையில் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவும் இன்னொரு கையில் புது எல்இடி பல்பும் வைத்திருந்தார். டிரான்சிஸ்டர் கலைத்துவிட்ட தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

“உங்க வீட்டுல ஏதோ சத்தம் போடுது சார்.”

“அது ஊருக்குப் போயிருக்கு டாக்டரம்மா. திங்கக்கிழமைதான் வரும்.”

எங்கள் நாகல் நகரில் இந்த மாதிரி பதிலுக்கு அரைச் சிரிப்பாவது தேறும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசல் விளக்கை அண்ணாந்து பார்த்தார். டிரான்சிஸ்டரை அதன் பக்கத்தில் உயர்த்தினார். இரைச்சல் கூடியது.

“நாற்காலி” என்றார்.

எடுத்துப் போட்டேன். ஏறினார், என் பல்பைக் கழற்றினார், தன் பல்பை மாட்டினார், இறங்கினார், டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துப் பார்த்தார். “சரி” என்றார். பழைய பல்பையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டு வாசலுக்கு வந்து என்னைப் பேசவிடாமல் திரும்பிப் போன முதல் மனுஷி அவர்தான்.

எங்கள் தெருமுனையில் பல் மருத்துவர். கீழே கிளினிக், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் கம்பத்தின் உச்சியில் அலுமினியக் குழாய்களால் ஆன பெரிய மீன்முள் ஒன்று. அதைப் பற்றித் தெருவில் பல கருத்துகள் இருந்தன. டிவிக்கு என்றார்கள். இடி தாங்கி என்றார்கள். அது வந்த பிறகுதான் தனக்கு முடி கொட்டியதாக மளிகைக் கடைக்காரர் சொன்னார். அவருக்கு அது வருவதற்கு முன்பே கொட்டி முடித்துவிட்டது, அது வேறு கதை. உண்மையில் அது வானொலி ஏரியல். அரசாங்க உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே உலகத்தில் தன்னைப் போன்ற மற்ற ஆர்வலர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ. பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். டாக்டரம்மா விஷயத்தில் பொழுது போன மாதிரி தெரியவில்லை, பொழுதை யாரோ துரத்துகிற மாதிரிதான் இருந்தது.

ஏனென்றால் அவருக்குப் பிடித்தது அந்த ரேடியோவில் பேசுவது அல்ல, அதில் நடக்கும் போட்டி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அலைவரிசைகளில் நின்று கூவுவார்கள். யார் அதிகம் பேரோடு, அதிகம் நாடுகளோடு தொடர்பு கொள்கிறார்களோ அவர்களுக்கு மதிப்பெண். ஒரு தொடர்பு என்றால் இவ்வளவுதான்: எதிராளி தன் அழைப்புக் குறியை, அதாவது உரிமத்தோடு தரப்படும் எழுத்தும் எண்ணுமான அடையாளத்தை, சொல்வார். நாம் “ஃபைவ் நைன்” என்று சொல்லி நம் பகுதியின் எண்ணைச் சொல்வோம். இந்தியாவுக்கு இருபத்திரண்டு. அவர் “ஃபைவ் நைன்” என்று சொல்லித் தன் எண்ணைச் சொல்வார். நன்றி. அடுத்தது. ஒரு தும்மல் போடும் நேரம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, சாப்டாச்சா கிடையாது.

ஐந்து ஒன்பது என்றால் “உங்கள் குரல் மிகத் தெளிவாக, மிகப் பலமாகக் கேட்கிறது” என்று அர்த்தம். கிணற்றுக்கு அடியிலிருந்து கொசு பேசுவது போலக் கேட்டாலும் போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் இதையேதான் கொடுப்பார்கள். “உங்களுக்கு ஐந்து ஒன்பது, உங்கள் குறி கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று டாக்டரம்மா சொல்லி நானே கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் ஊரறிய, உலகறியச் சொன்னார்.

போட்டி இல்லாத நாளிலும் அவர் அப்படித்தான் இருந்தார். கிளினிக்கில் “எது?” என்பார். விரலை நீட்டுவோம். “எப்ப இருந்து?” சொல்வோம். “திறங்க.” அதற்குப் பிறகு நம்மால் பேச முடியாது, அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வேலை முடிந்ததும் “அடுத்தது” என்று கதவைப் பார்த்துச் சொல்வார். வலி சரியாகிவிட்டது என்று நன்றி சொல்ல வடமதுரையிலிருந்து ஒரு விவசாயி வாழைத்தாரோடு வந்தார்.

“நல்லாருக்கும்மா இப்ப. ராத்திரி நல்லாத் தூங்குறேன். அதைச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.”

“போன தடவையே சொன்னீங்களே.”

“அது போன தடவைம்மா.”

“அதான், பேசியாச்சே” என்றார் டாக்டரம்மா. கோபமே இல்லை. போட்டியில் அதுதான் விதி. ஒருமுறை பேசியவரோடு அதே அலைவரிசைப் பட்டையில் மறுபடி பேசினால் மதிப்பெண் பூஜ்யம். கணினி சிவப்பில் காட்டும். அந்த மனிதர் தாரைத் தூக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார், நான்தான் வரவேற்பறையில் வழிமறித்து இறக்கி வைத்தேன். ஒரு சீப்பு எனக்கு.

என் தொழில் இதற்கு நேர் எதிர். கல்யாண வரவேற்பு, பணி ஓய்வு விழா, புதுக்கடைத் திறப்பு என்று மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி நடத்திக் கொடுப்பவன். மாப்பிள்ளை வரத் தாமதமானால் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை ஒற்றை ஆளாகச் சமாளிப்பேன். அப்படி ஒரு வரவேற்புக்கு டாக்டரம்மாவும் வந்திருந்தார். மேடையேறினார், கவரைக் கொடுத்தார், பெண்ணிடம் “நல்லாரு” என்றார், இறங்கிப் போய்விட்டார். புகைப்படக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது ஆள் இல்லை. இன்றுவரை அந்த ஆல்பத்தில் மணப்பெண் காற்றோடு கைகுலுக்கிக்கொண்டிருக்கிறார்.

மறுவாரம் கடைவாய்ப் பல்லுக்காகப் போனேன். பல்லைப் பார்த்தவர் விளக்கைத் தள்ளி இன்னும் உள்ளே பார்த்தார். வழக்கத்தைவிட நேரமாகப் பார்த்தார்.

“தொண்டை” என்றார்.

எனக்கு நாற்காலி அப்படியே பின்னால் சாய்ந்த மாதிரி இருந்தது. அது ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது. மனைவி, மகள், கட்டி முடிக்காத மாடிப்படி எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

“எம்புட்டு நாளா இருக்கும் டாக்டரம்மா?”

“மண்டபத்துல கேட்டேன். நல்லாருக்கு. எனக்கு இன்னொரு குரல் வேணும். பரீட்சை எழுதுங்க.”

அவ்வளவுதான் அழைப்பிதழ். உயிர் தப்பிய சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன். புத்தகத்தைக் கொடுத்தார். படித்தேன், எழுதினேன், எப்படியோ தேறினேன். உரிமம் வருவதற்குள் எங்கள் தெருவில் இரண்டு முறை சாலை போட்டு இரண்டு முறை தோண்டிவிட்டார்கள்.

டாக்டரம்மாவின் மாடியறையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் என் தொண்டையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. பேசும்போது தரையில் ஒரு மிதியை அழுத்த வேண்டும். காலை எடுத்தால்தான் எதிராளி பேசுவது கேட்கும். டாக்டரம்மாவுக்கு அது சுலபம். பல் ராவுகிற கருவிக்கும் கீழே அதே மாதிரி மிதிதான், நாள் முழுக்க மிதித்துப் பழகிய கால். எனக்கோ பயம் வந்தால் முதலில் விறைப்பது கால். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் என்னைக் கூப்பிட்டதும் அழுத்திய காலை எடுக்க மறந்துவிடுவேன். என் மூச்சு வாங்குவது, “முருகா” என்பது, நாற்காலி கிறீச்சிடுவது எல்லாம் கண்டம் கண்டமாகப் போகும்.

“காலை எடுங்க” என்பார் பின்னாலிருந்து.

முதல் நாள் ஓர் இத்தாலிக்காரர் கூப்பிட்டார். நான் பதற்றத்தில், “குட் ஈவினிங், வெல்கம் டு ஒன் அண்ட் ஆல்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறிடம் போய்விட்டார். வீட்டில் வந்து சொன்னதும் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“வீட்டுல வாயி ஓயாது. அங்கன போயி ரெண்டு நம்பரு சொல்லத் தெரியலையாக்கும்.”

“ரெண்டே நம்பருங்கிறதுதான்டி கஷ்டம்.”

ஏரியலை வேண்டிய திசைக்குத் திருப்பக் கம்பத்தில் ஒரு மோட்டார் இருந்தது. திசையெல்லாம் டாக்டரம்மாவுக்கு நம்மூர்க் கணக்குத்தான். ஜப்பான் வடமதுரைப் பக்கம். ஆப்பிரிக்கா வத்தலக்குண்டுப் பக்கம். ஐரோப்பா ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் நடுவில். “வேடசந்தூருக்குக் கொஞ்சம் இடது” என்பார், மோட்டார் முனகிக்கொண்டே திரும்பும், காதில் ஜெர்மனி பலமாகும்.

அவருடைய பகைவர்கள் எதிர்ப் போட்டியாளர்கள் அல்ல. மலிவான பல்புகள், சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள். அவை கசியவிடும் இரைச்சலில் தூரத்துக் குரல்கள் மூழ்கிவிடும். அதனால்தான் அந்த டிரான்சிஸ்டரும் கையுமாக வீடு வீடாகப் போனது. கரண்ட் போனால் தெருவே அலுத்துக்கொள்ளும்போது அவர் ஒருவர் முகம் மட்டும் மலரும். ரேடியோ பேட்டரியில் ஓடும், சுற்றிலும் எல்லா இரைச்சலும் செத்துக் கிடக்கும். கடைசியில் பல்புகள்தான் ஜெயித்தன. சில ஆண்டுகளுக்கு முன் கிளினிக்கை விற்றுவிட்டு நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னைக்கு நடுவில் இடம் பார்த்துப் போய்விட்டார். ஒருமுறை அங்கே வழி கேட்டபோது ஆட்டோக்காரர், “ஏனுங்க, அந்தக் கம்பி வெச்ச டாக்டருங்களா? போய் ரெண்டு வார்த்தை பேசலாம்னு நினைச்சீங்கன்னா வேண்டாமுங்க” என்றார். ஆள் மாறவில்லை என்று தெரிந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த கதை, ஒரு ஃபின்லாந்துக்காரரைப் பற்றி.

அக்டோபர் கடைசியில் வரும் பெரிய போட்டியில், சனிக்கிழமை சாயங்காலம் டீ வருகிற நேரத்துக்கு, ஆண்டு தவறாமல் அவர் எங்களைக் கூப்பிடுவார். வெல்லம் உடைக்கிற மாதிரி ஒரு குரல், வயசான குரல். டாக்டரம்மா “ஃபைவ் நைன், டூ டூ” என்பார். அவர் “ஃபைவ் நைன், ஒன் ஃபைவ்” என்பார். பதினைந்து அவர்கள் பகுதியின் எண். நன்றி, முடிந்தது. நான் போவதற்கு முன்பே பல ஆண்டுகளாக இது நடந்துவந்தது. மொத்தப் பழக்கத்தையும் கூட்டினால் ஒரு டீ ஆறாது.

ஓர் ஆண்டு அவர் வரவில்லை.

அந்தச் சாயங்காலம் ஜப்பான்காரர்கள் குவிகிற நேரத்தில் ஏரியல் வேடசந்தூருக்கு இடது பக்கமே நின்றது.

“வடமதுரைப் பக்கம் திருப்பவா டாக்டரம்மா?”

“செத்த நேரம்.”

செத்த நேரம் இருட்டும்வரை நீடித்தது. ஒரு தொடர்புக்கு ஒரு மூச்சுக்கு மேல் செலவழிக்காதவர், யாருமே இல்லாத திசையில் காதை வைத்துக்கொண்டு மதிப்பெண்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் நிதானத்தை இழந்தால் அந்த அறையில் மிச்சமிருப்பது நான் மட்டும்தான்.

அழைப்புக் குறி தெரிந்தால் இணையத்தில் தேடிவிடலாம். பெயர், படம், நாய்க்குட்டி வரை கிடைக்கும். அவர் தேடவில்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? தேடினேன். அந்தக் குறிக்கு எதுவும் வரவில்லை. பக்கம் நீக்கப்பட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் இதை வாய்க்குள் வைத்திருந்ததில், எனக்குப் பல்வலியே தேவலாம் என்றிருந்தது. கடைசியில் ஒருநாள் கிளினிக்கில் சொல்லிவிட்டேன்.

“டாக்டரம்மா, அந்த ஃபின்லாந்துக்காரரு... நெட்டுல பார்த்தேன். ஆளே இல்லாத மாதிரி இருக்கு.”

“காதால கேட்டீங்களா?”

“இல்ல, பார்த்தேன்.”

“அப்பக் கேட்கலை. அடுத்தது.”

மறு அக்டோபர் போட்டி தீபாவளியை ஒட்டி வந்தது. தெரு முழுக்க சீரியல் பல்பு. காதில் ஹெட்ஃபோனை வைத்தால் அரிசி மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை மதியத்திலிருந்து ஏரியல் வடமதுரைப் பக்கம் ஜப்பானைப் பார்த்து நின்றது. டீ வருகிற நேரம் நெருங்க நெருங்க டாக்டரம்மா மோட்டாரின் பொத்தானைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். அவர் கை பொத்தானுக்குப் போன அதே நொடியில் கரண்ட் போயிற்று.

கீழே துணிக்கடை வாசலில் கூட்டம் “ஓ” என்றது. ஹெட்ஃபோனில் அரிசி மில் நின்று மயான அமைதி. ரேடியோ பேட்டரியில் உயிரோடு இருந்தது, மடிக்கணினியும் இருந்தது. மோட்டார்தான் கரண்ட் இல்லாமல் செத்துவிட்டது. ஏரியல் தப்பான திசையில் நின்றது.

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

“மேல போயி கையால திருப்புறேன். பார்த்துக்கங்க.”

“நானா?”

“நீங்கதான் இருக்கீங்க.”

“யாராச்சும் கூப்பிட்டா?”

“அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்.”

போய்விட்டார். கூரைக்கு மேலே செருப்புச் சத்தம். போல்ட்டு கழலும் சத்தம். பிறகு கம்பம் உறுமிக்கொண்டு திரும்பியது. காதில் ஜப்பான்காரர்கள் ஒவ்வொருவராக அமிழ்ந்தார்கள். ரஷ்யா வந்தது, போனது. தலைக்கு மேலே ஒரு பல் டாக்டர் உலகத்தைக் கையால் திருகிக்கொண்டிருந்தார், கீழே நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது. மெலிசாக, வெல்லம் உடைகிற மாதிரி. முழு அழைப்புக் குறி, எழுத்து எழுத்தாக.

எனக்கு விரல்கள் எல்லாம் ஒரே விரலாகிவிட்டன. குறியை எப்படியோ மடிக்கணினியில் தட்டிப் பதிந்தேன். மிதியை அழுத்தினேன். “ஃபைவ் நைன், டூ டூ.” காலை எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பதில் வரவில்லை. வழக்கமான எண்ணும் வரவில்லை. கொஞ்சம் இரைச்சல். பிறகு:

“வேர் இஸ் தி லேடி?”

இது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. நான் மிதியை அழுத்தி, “ஃபைவ் நைன், டூ டூ” என்றேன்.

“எஸ், எஸ். லேடி ஓகே? எவ்ரி இயர் லேடி. நவ் யூ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்டுக்கு ஒரு தும்மல் நேரம் கேட்ட குரல் இந்தத் தடவை இல்லை, அந்த இடத்தில் எவனோ ஒருவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் இங்கே அவரைப் பற்றி என்ன பயந்தோமோ, அதையே அந்த மனிதர் அங்கே பயந்துகொண்டிருந்தார். ஆயிரம் கல்யாண மேடைகளில் பேசிய வாய் இது. அதிலிருந்து வந்தது இதுதான்:

“லேடி அப். அப். கோன் அப்.”

சொன்ன பிறகுதான் அதன் பயங்கரம் புரிந்தது. “நோ, நோ! நாட் தட் அப். ஒன்லி ரூஃப். வித் ஸ்பேனர்.” அதற்கு அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. ஏன் கேட்கவில்லை என்றும் தெரியவில்லை. போய்விட்டாரோ என்ற பதற்றத்தில் கூரையைப் பார்த்து, “டாக்டரம்மா, ஓடியாங்க, அவருதான்” என்று அலறினேன்.

படியில் தடதடவென்று இறங்கி வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்.

“காலை எடுங்க.”

குனிந்து பார்த்தேன். மிதி தரையோடு ஒட்டிக் கிடந்தது. என் அலறல் ஃபின்லாந்து வரைக்கும் போயிருக்கும். எடுத்தேன். காதில் வேறு நாலைந்து பேர் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு?”

“ஃபின்லாந்து.”

“கேட்டீங்களா? கேட்ட மாதிரி இருந்துச்சா?”

“கேட்டேன் டாக்டரம்மா. உங்களைத்தான் கேட்டாரு. லேடி ஓகேயான்னு.”

“என்னையா?”

கையிலிருந்த துருவைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலை. கிளினிக்கில் ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் மாற்றிவிடுகிறவர், அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் எழுந்துகொண்டேன். உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். மேசையிலிருந்த ஒலிபெருக்கியின் ஒலியை எனக்காகக் கொஞ்சம் கூட்டினார், அதுவும் அவர் செய்யாத காரியம்.

கூவிய நாலைந்து பேருக்கும் அவர் பதில் சொல்லவில்லை. கூட்டம் ஓய்ந்தது. அந்த ஓய்வில், மெலிசாக, மறுபடி அதே குரல். முழு அழைப்புக் குறி, எழுத்து எழுத்தாக, இப்போதுதான் முதல் தடவை கூப்பிடுகிற மாதிரி.

மடிக்கணினியில் வரி சிவப்பானது. ஏற்கெனவே பேசியாகிவிட்டது. மதிப்பெண் பூஜ்யம்.

வாழைத்தாரோடு வந்த மனிதரை நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மிதியை அழுத்தினார். “ஃபைவ் நைன், டூ டூ.”

எடுத்தார்.

“ஃபைவ் நைன், ஒன் ஃபைவ்” என்றது அந்தக் குரல்.

அழுத்தினார். “தேங்க் யூ.”

அவ்வளவுதான். ஓர் ஆண்டு எங்கே போயிருந்தீர்கள் என்று இவர் கேட்கவில்லை, கூரை மேல் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் கால் மிதியிலேயே இருந்தது.

நான் குனிந்து மிதியைக் காட்டினேன்.

“டாக்டரம்மா, கால்.”

“ம்” என்றார். எடுக்கவில்லை.

கரண்ட் இல்லாத தெருவில் பூக்காரம்மா மல்லிகைக்குக் கூவிக்கொண்டு போனார். யாரோ நிறுத்தி விலை கேட்டார்கள். சைக்கிள் மணி அடித்தது. திறந்திருந்த மைக் வழியாக எல்லாம் ஃபின்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கரண்ட் வந்தது. தெரு மொத்தமும் பல்பு பல்பாக இரைய ஆரம்பித்தது. டாக்டரம்மா காலை எடுத்தார்.

“அடுத்தது” என்றார்.